நான்கு நிமிடம்

ஜெலுத்தோங் திடலுக்குத் தகரக் கூரை போட்ட வருடம்
எங்கள் அணிக்கு இரண்டு பேர் வந்தார்கள்.
யுகேஸ்வரி வலது ஓரத்திலிருந்து எறிந்தால்
வலை மட்டும்தான் பேசும்.
லீ ஷின் எம்பினால்
இறங்க மறந்துவிட்டாளோ என்று
நடுவரே ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்ப்பார்.

பயிற்சியாளர் டான் வெள்ளைப் பலகையில்
இரண்டு பெரிய வட்டம் போட்டார்.
மீதி மூன்று பேருக்குப் புள்ளி வைத்தார்.
மார்க்கரில் மை தீர்ந்துபோச்சு, அதான்
என்றாள் சுபாங்கி.
சிரித்தோம். ரொம்ப நேரம் சிரிக்கவில்லை.

இரண்டு பேரை வைத்துக் கோப்பை வாங்க முடியுமா?
தே தாரிக் ஆடை கட்டும்வரை இதே வழக்கு.
ஏன் முடியாது, பெர்ரிக்கு
இரண்டு எஞ்சின் போதாதா என்பார் கடைக்காரர்.
சரி, கரை வந்ததும் கயிற்றை யார் கட்டுவது
என்பாள் நூருல்.
அவள் அண்ணனுக்குப் படகுத்துறையில் வேலை.

முதல் வருடம் அரையிறுதியோடு சரி.
யுகேஸ்வரிக்கு முப்பத்தொன்று, லீ ஷினுக்கு இருபத்தாறு,
எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஐந்து.
திரும்பும் பேருந்தில் யாரும் யாரையும் திட்டவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த வருடம் இறுதி ஆட்டம்,
கடைசிக் கால்பகுதி,
லீ ஷினுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.
ஒரு நிமிடமும் உட்காராத கால்.
மடியில் வைத்து நீவினேன்.
தோலுக்கு அடியில் ஒரு மீன் துடித்தது.

என் வேலையைச் சொல்லவில்லையே.
பகலில் பாயான் லெப்பாஸ் ஆலையில்
நுண்ணோக்கிக்குக் கீழே
சில்லுகளில் பிழை தேடுகிறேன்.
மாலையில் நிற்கிறேன்.
ஆமாம், நிற்பதுதான்.
யுகேஸ்வரியைத் துரத்தி வருகிறவள்
என் நெஞ்செலும்பில் மோதவேண்டும்.
அந்த அரை நொடியில்
அவளுக்கு வானம் திறக்கும்.
ஆட்டத் தாளில்
மோதலுக்கென்று கட்டம் எதுவும் கிடையாது.

மூன்றாம் வருடம், மறுபடி இறுதி, பட்டர்வொர்த் அரங்கம்.
வெளியே மழை கொட்டுகிறது.
மூன்றாம் கால்பகுதியில் நான்கு நிமிடம் பாக்கி,
ஒன்பது புள்ளி முன்னால் இருக்கிறோம்.
டான் இருவரையும் கூப்பிட்டு
உட்கார் என்றார்.
லீ ஷின் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாள்.
யுகேஸ்வரி எங்களைப் பார்க்கவில்லை,
தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

களத்தில் நான், நூருல், சுபாங்கி, மே யீ,
அன்று காலைதான் கடைவாய்ப் பல் பிடுங்கிய திலகேஸ்வரி.
அழகாக ஆடினோம் என்று பொய் சொல்லமாட்டேன்.
பந்து வந்தால் கொதிக்கும் சட்டியைப் போல
அடுத்தவளிடம் தள்ளினோம்.
திலகேஸ்வரி துண்டில் ரத்தம் துப்பிவிட்டு ஓடினாள்.
சுபாங்கி எறிந்த ஒன்று
பலகையில் பட்டு
வளையத்தின் மேல் உட்கார்ந்து
யோசித்து
உள்ளே போனது.
நான் நின்றேன்.
மோதினார்கள்.
நின்றேன்.

அந்த நான்கு நிமிடத்தில் அவர்கள் ஒன்பது, நாங்கள் ஐந்து.
கணக்குப்படி தோல்விதான்.
ஆனால் ஐந்து புள்ளி இன்னும் கையில் இருந்தது.
கெண்டைக்காலும் பிழைத்திருந்தது.

ஒரே புள்ளியில் வென்றோம்.
கடைசிப் பந்து யுகேஸ்வரியுடையது,
அரங்கமே எழுந்து நின்றது,
நானும்தான் கத்தினேன், தொண்டை போகும்வரை.
படத்தில் அவர்கள் இரண்டு பேர்.
ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும்.
மே யீ தன்னுடையது என்கிறாள்.

பெர்ரியில் திரும்பும்போது
லீ ஷின் என் தோளில் தூங்கிவிட்டாள், வாய் திறந்து.
துறையில் நூருலின் அண்ணன் கயிற்றை வாங்கி
மூன்று சுற்றுச் சுற்றினார்.
நூருல் மட்டும் கைதட்டினாள்.
அவர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

முடியுமா என்று இப்போதும் கேட்கிறார்கள்.
முடியும் என்றுதான் சொல்கிறேன்,
முப்பத்தாறு நிமிடம்வரை.

திங்கட்கிழமை
நுண்ணோக்கிக்குக் குனிந்தபோது நெஞ்செலும்பு வலித்தது.
பிழை இல்லாத சில்லு.
அடுத்ததை எடுத்தேன்.